தண்ணீரை அளக்கும் உரிமை



ஓரிக்கை பாலாற்றங்கரை ஊர். இந்த ஆறு நம்மிடம் வருவதற்கு முன் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என்று தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்களைக் கடந்து வருகிறது. அந்தக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது.

அந்தத் தீர்ப்பில் நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது இரண்டு கணக்குகளை. வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம், தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்று சொல்லியிருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்து, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று காட்டியிருந்தது. இரண்டும் டெல்லியில் இருந்து வந்த எண்கள் அல்ல. பக்கத்தில் இருந்தவர்கள் அளந்தவை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கிறோம். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் தண்ணீரோடு போகிறது. பிறகு அமிலம் கலந்த நீரில் சாயம் ஏற்றுகிறோம். இது முழுக்க வேதியியல். ஆனால் சாயத் தொட்டியில் கைவிடுபவர் கூலி, அதே நீரைக் குடுவையில் பார்ப்பவர் விஞ்ஞானி. உழைக்கும் கையையும் படிக்கும் தலையையும் வெட்டிப் பிரித்தது சாதி. ஆய்வுக்கூடம் தொலைவில் இருக்கும்வரை கேள்வியும் தொலைவில் இருப்பவருடையதாகவே இருக்கும். சேரியின் அடிபம்பும் சாயத் தொழிலாளியின் தோல் வெடிப்பும் அந்தக் கேள்வியில் வராது.

கையடக்க டிடிஎஸ் கருவி போதாதா என்று கேட்கலாம். அது கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும். குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு முறையாக மாதிரி எடுக்கத் தெரிந்த ஆளும், கருவியுள்ள ஆய்வுக்கூடமும் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது மூன்று. அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் மக்களுக்குத் திறந்த நீர், மண் ஆய்வுக்கூடம். நெசவு, சாய, தோல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே ஆய்வு செய்ய உதவித்தொகை. முடிவுகள் தமிழில், தெருப் பெயரோடு, எல்லோரும் பார்க்கும்படி.

1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் நிலைநாட்டியது தண்ணீரைத் தொடும் உரிமை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்கும் உரிமை அதன் தொடர்ச்சி. உங்கள் தெருக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதத்தில் நிறம் மாறுகிறது, எப்போது நாற்றம் வருகிறது என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஆய்வுக்கூடம் கேட்டு உள்ளாட்சி உறுப்பினரிடம் போகும்போது அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.