புராணம் யாருக்குச் சொந்தம்?
(ஹைதராபாத் உரையின் சுருக்கம்)



1960களில் ஈரானிய ஓவியர் சிலர், மேற்கத்திய நவீனத்தைப் பயின்ற பின்னும் தங்கள் அடையாளத்தை எளிய மக்களிடமே தேடினர். கர்பலா தியாகிகளின் தாகத்தை நினைவூட்டும் தெருவோரத் தண்ணீர்ப் பந்தல்களின் சின்னங்கள் அவர்களது ஓவியங்களில் இடம்பெற்றன.

அக்காலத்தில் ஹைதராபாத்திலும் அத்தகைய தேடல் நிகழ்ந்தது. செல்வந்தர்களின் வரவேற்பறைகளை விட்டு வெளியேறி இராமாயணத்தை வரையுமாறு எம்.எஃப்.ஹுசேனிடம் சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா கேட்டுக்கொண்டார். பத்ரிவிஷால் பிட்டியின் ஆதரவுடன் இந்நகரில் ஹுசேன் சுமார் 150 ஓவியங்களைத் தீட்டினார். அவை மாட்டுவண்டிகளில் கிராமங்களுக்குச் சென்றன. இது இராமன்தானா என்று அங்கே எவரும் கேட்கவில்லை என்று ஹுசேன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அக்கேள்வியை 1996 முதல் எழுப்பியவை இந்துத்துவ அமைப்புகளே. பல ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட சித்திரங்களுக்காக வழக்குகளும் தாக்குதல்களும் தொடர்ந்தன. 2006இல் ஹுசேன் நாட்டை விட்டு வெளியேறினார். 2008 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் அவருக்கு எதிரான வழக்குகளை ரத்து செய்தது. ஆயினும் அவர் திரும்ப இயலவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை பெற்ற அவர், 2011 ஜூன் 9 அன்று லண்டனில் மறைந்தார்.

தீர்ப்பு மட்டுமே கலைஞனைக் காத்துவிடாது. அத்தீர்ப்பைத் தெருவில் காத்து நிற்கும் வெகுஜன இயக்கம் தேவை. அந்த ஓவியங்களை ஏற்றுக்கொண்ட கிராமத்து மக்களே அதன் அடித்தளம். புராணம் அவர்களின் பொதுச் சொத்து. எந்த மதவெறிக் கூட்டத்தின் தனியுடைமையும் அன்று.