இறக்கை மேல் எழும் தகடுகள்



விமானத்தில் இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கீழே இறங்கத் தொடங்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் சில தகடுகள் நிமிரும்; விமானம் லேசாக உதறும். இவைதான் ஸ்பாய்லர்கள். வெறும் பிரேக் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பழைய ஜெட் விமானங்களில் அவை பார்த்த வேலையை அறிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

தகடு நிமிர்ந்ததும், இறக்கையை ஒட்டி ஓடிய காற்று அங்கே பிரிந்து சிதறுகிறது. தூக்குவிசை குறைகிறது, காற்றுத்தடை கூடுகிறது. சூத்திரம் இவ்வளவுதான். எந்த இறக்கையில், எப்போது, எவ்வளவு என்பதில்தான் வித்தை.

போயிங் 707, 727 விமானங்களின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை, மெல்லியவை. அதிவேகத்தில் நுனியிலுள்ள எய்லரானை, அதாவது விமானத்தைச் சாய்க்கும் மடலை, அசைத்தால் விமானம் சாய்வதற்குப் பதில் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். பி-47 குண்டுவீச்சு விமானத்தில் போயிங் பட்ட பாடு அது. அதனால், குறைந்த வேகத்தில் விரிக்கும் ஃபிளாப் மடல்களை உள்ளே இழுத்துவிட்டால் நுனி எய்லரான்கள் பூட்டிக்கொள்ளும். உட்புற எய்லரான்களுக்கு ஸ்பாய்லர்கள் துணைக்கு வரும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா? இடது இறக்கையின் தகடுகள் மட்டும் எழும். அந்த இறக்கை தாழும். தகட்டின் தடை மூக்கையும் அதே பக்கம் இழுக்கும். எய்லரானோ மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கப் பார்க்கும். இந்த ஒரு விஷயத்தில் ஸ்பாய்லருக்கே என் ஓட்டு.

இரண்டு இறக்கைகளிலும் ஒன்றாக எழுப்பினால் அதுவே வேகத்தடை. தரை தொட்டதும் முழுதாக எழுப்பினால் விமானத்தின் எடை சக்கரங்களில் இறங்கி பிரேக் பிடிக்கும். ஆனால் நேரம் தவறக்கூடாது. 1970 ஜூலை 5 அன்று டொராண்டோவில் தரையிறங்கிய ஏர் கனடாவின் டிசி-8 விமானத்தில், ஓடுபாதைக்கு மேலே ஏறத்தாழ 60 அடி உயரத்திலேயே ஸ்பாய்லர்கள் விரிந்துவிட்டன. தரையில் மோதி மறுபடி மேலெழுந்த விமானம் நொறுங்கியது. 109 பேரும் இறந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் முதன்முறை பறந்த லாக்ஹீட் ட்ரைஸ்டார், அதே தகடுகளைத் தரையிறங்கும் வேளையிலேயே துணிந்து பயன்படுத்தியது. 1980களில் ஏர் லங்காவில் பயணம் செய்த நேயர்கள் சிலர் அதில் ஏறியிருப்பீர்கள். மற்ற விமானங்களில் இறங்குபாதையைச் சரிசெய்ய மூக்கைத் தூக்க வேண்டும், தாழ்த்த வேண்டும். அவ்வளவு பெரிய உடல் அசைந்து கொடுப்பதற்குள் நேரம் போய்விடும், வேகமும் மாறிவிடும். ட்ரைஸ்டாரில் ஃபிளாப்பைத் தரையிறங்கும் நிலைக்கு விரித்ததும் ஸ்பாய்லர்கள் சில பாகை எழுந்து காத்திருக்கும். விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தால் அவை படியும், தூக்குவிசை அக்கணமே கூடும். தள்ளினால் இன்னும் எழும், விமானம் தாழும். மூக்கு மட்டும் ஏறக்குறைய அசையாது.

தூக்குவிசையைக் கொஞ்சம் முன்கூட்டியே இழந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்வது! பழைய ஜெட்களின் ஸ்பாய்லர் வித்தையில் இதற்கு மேல் ஒன்றை நான் சொல்லமாட்டேன். ஆனாலும் சந்தை லாக்ஹீடுக்குக் கைகொடுக்கவில்லை. 250 ட்ரைஸ்டார்களோடு அந்த நிறுவனம் பயணிகள் விமானத் தொழிலையே விட்டு வெளியேறியது.