குழந்தையின் கெட்ட கனவும் பெரியவர்களின் பூச்சாண்டியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதி, நடு இராத்திரியில் மூன்று வயதுக் குழந்தை 'வீல்' என்று அலறி எழுந்தால் நாம் என்ன செய்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்பதாகும். இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். குழந்தை இருவருக்கும் பிறந்ததுதான்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? அலறிய குழந்தையைப் பாட்டி தூக்குகிறாள். "காத்துக் கருப்பு பட்டிருக்கு" என்கிறாள். நெற்றியில் திருநீறு, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில், தலைமாட்டில் விளக்குமாறும் இரும்புத் துண்டும். மறுநாள் மந்திரவாதிக்குக் கோழியும் சில்லறையும் போக, குழந்தையின் இடுப்பில் தாயத்து ஏறுகிறது. சரி, அந்தக் கருப்பைக் குழந்தைக்கு அறிமுகம் செய்து வைத்தது யார்? சாயங்காலம் சோறு தின்ன மறுத்தபோது "பூச்சாண்டி வரான், மூணு கண்ணன் வரான், பிடிச்சுக் கொடுத்திடுவேன்" என்று மிரட்டிய அதே பாட்டிதான்! சோற்றோடு பேயையும் ஊட்டிவிட்டு, அதை விரட்ட இன்னொருவனுக்குக் கூலி கொடுக்கிறோம்.

1953-ம் வருஷம் சிகாகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். தூங்குகிறவர்களுடைய மூடிய இமைக்குள் கண்விழிகள் வேகமாக ஓடும் நேரங்கள் உண்டு. அப்பொழுது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். இந்தத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே, அது பலிப்பதல்ல. அந்நேரத்தில் கனவும் அதிகம், உடனே விழிப்பதால் நினைவும் அதிகம், அவ்வளவுதான்.

இன்னொரு வகையும் உண்டு. தூங்கிய மூன்று மணி நேரத்துக்குள், குழந்தை கண்ணைத் திறந்தபடியே அலறும், வேர்க்கும், பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் தள்ளும். இதைத்தான் 'பேய் பிடித்தது' என்று சத்தியம் செய்கிறார்கள். உண்மையில் அது விழிக்கவேயில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாகக் கிளம்பிய நிலை. உலுக்காதீர்கள், வேப்பிலையால் அடிக்காதீர்கள். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள். பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே அடங்கும். காலையில் கேட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஜுரத்தில் பிதற்றினாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதியாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

இனி நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "பேயாவது, பிசாசாவது! வாயை மூடிக்கொண்டு படு" என்று உறுமுவதே பகுத்தறிவு என்று சிலர் நினைக்கிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டுப் பியாஜே, சிறு குழந்தைகளை விசாரித்து 1926-ல் வெளியிட்ட நூலில், கனவு வெளியிலிருந்து வருவதாகவும், அறைக்குள்ளேயே கண்ணெதிரில் நடப்பதாகவும் அவை நம்புகின்றன என்று காட்டினார். ஆகவே உங்கள் குழந்தைக்குப் புலி இப்பொழுது பாயருகில் நிற்கிறது. அதனிடமா தர்க்கம்? முதலில் மார்போடு அணையுங்கள். விளக்கைச் சிறிதாக ஏற்றுங்கள். "நான் இருக்கேன்டா கண்ணு, கனவு கண்டே" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். தடியெடுத்துப் பேயை விரட்டுவது போல் நடிக்காதீர்கள். அது பேய் வந்தது உண்மையே என்று சாட்சி சொல்வதாகும்.

தர்க்கமெல்லாம் பகலுக்கு. 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு நடுங்கிய ஒரு சிறு பையனுக்குத் தின்பண்டம் கொடுத்து, அவன் தின்னும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தொட்டு விளையாடினான். திட்டுமில்லை, மந்திரமுமில்லை! நீங்களும் அந்தியில் குழந்தையின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் போங்கள். ஆணியில் தொங்கும் சட்டையை அதன் கையாலேயே தொடச் செய்யுங்கள். கனவைச் சொல்லச் சொல்லி, முடிவை அதன் இஷ்டப்படி மாற்றச் சொல்லுங்கள். கடிக்க வந்த நாய்க்கு அது முறுக்குக் கொடுக்கட்டுமே!

"தாயத்துக் கட்டிய பிறகு பயம் நின்றதே" என்பீர்கள். கட்டாத குழந்தைக்கும் வயது ஏற ஏறப் பெரும்பாலும் நிற்கத்தான் செய்கிறது. நிற்காமல் நாள்தோறும் அலறினால், மந்திரவாதியைத் தேடாமல் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விசாரியுங்கள். பிரம்போடு நிற்கும் வாத்தியார் இருக்கலாம். குடித்துவிட்டு வந்து, குழந்தை பார்க்கத் தாயை அடிக்கும் தகப்பன் இருக்கலாம். அப்படிப்பட்டவர் இக்கூட்டத்தில் இருந்தால், இன்றிரவு வீட்டுக்குள் எப்படி நுழையப் போகிறார் என்பதை யோசித்துக்கொண்டே போகட்டும்.