அதிகாரத்தின் திறவுகோல் யார் கையில்?

(திருநெல்வேலியில் ஆசிரியர், சட்டத்தரணிகள், வைத்தியர், கமக்காரர் ஆகியோர் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டில் ஆட்சி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அந்நாட்டின் அரசியலமைப்பையே முதலில் எடுத்துப் படிப்பர். பொதுவுடைமைக் கட்சி ஒன்றே தனித்து ஆளும் நாடுகளைப் பொறுத்தவரையில், அதனை முதலிலிருந்து முடிவுவரை படித்த பின்னரும் ஆட்சியின் உண்மை உருவம் புலப்படுவதில்லை. அதிகாரம் எங்கே பிறக்கின்றது, எவ்வழியே இறங்கி வருகின்றது, உழுபவனின் வாசலை எவ்வாறு வந்தடைகின்றது என்னும் வினாக்களுக்கு விடை வேறோரிடத்தில் இருக்கின்றது. அவ்விடத்தை உங்களுக்குக் காட்டுவதே எனக்குத் தரப்பட்ட பணியாகும்.

பொதுவுடைமையாளர் எல்லோரையும் பழிப்பது என் நோக்கமன்று. 1956ஆம் ஆண்டில் பருத்தித்துறைத் தொகுதி மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய பொன். கந்தையா பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். அவ்வாண்டு கொண்டுவரப்பட்ட தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அவர் ஆற்றிய உரை தமிழர் வரலாற்றில் இடம் பெற்றது. 1966ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் எழுந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்றோரும் பொதுவுடைமையாளரே. ருஷ்யாவிலும் சீனத்திலும் எழுத்தறிவும் வைத்திய வசதியும் பரவியதை மறுப்பாரும் இலர். நாம் இன்று ஆராய்வது அவர்களுடைய இலட்சியத்தையன்று, ஆட்சி இயந்திரத்தையே.

இரண்டு ஏணிகள்

சோவியத் நாட்டில் இரண்டு ஏணிகள் அருகருகே நின்றன. ஒன்று அரசின் ஏணி. கிராம சோவியத்து, மாவட்ட சோவியத்து, குடியரசுகளின் சோவியத்து, எல்லாவற்றுக்கும் மேலே உச்ச சோவியத்து என்று அது உயர்ந்து சென்றது. மற்றையது கட்சியின் ஏணி. தொழிற்சாலை, பண்ணை, பாடசாலை, படைப்பிரிவு ஆகிய ஒவ்வொன்றிலும் ஓர் அடிப்படைக் கட்சிக் கிளை. அதற்குமேல் மாவட்டக் குழு, மாகாணக் குழு, மத்திய குழு. உச்சியில் அரசியற் குழுவும் செயலகமும். அரசின் ஏணியில் எந்தப் படியில் யார் நின்றாலும், அவருக்குக் கட்டளை வந்தது கட்சி ஏணியின் அதே படியிலிருந்துதான்.

1936ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் நிறைவேறிய சோவியத் அரசியலமைப்பின் 125ஆம் பிரிவு பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டங்கூடும் உரிமை ஆகியவற்றை வழங்கியது. அடுத்துவந்த 126ஆம் பிரிவோ, எல்லா அமைப்புகளுக்கும் வழிகாட்டும் கரு பொதுவுடைமைக் கட்சியே என்று விதித்தது. முன்னைய பிரிவு கொடுத்ததைப் பின்னைய பிரிவு வாங்கிக்கொண்டது. அரசியலமைப்பு நிறைவேறியதைத் தொடர்ந்த 1937, 1938ஆம் ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கட்சியின் உச்சியிலிருந்தோருக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டு மாநாட்டில் தெரிவான மத்திய குழுவின் முழு உறுப்பினரும் மாற்று உறுப்பினருமான 139 பேரில் 98 பேர் கொல்லப்பட்டனர் என்பதை 1956ஆம் ஆண்டில் குருசேவே வெளியிட்டார்.

பட்டியலை எழுதியவர்கள்

இந்த இயந்திரத்தின் அச்சாணி யாது? நியமனப் பட்டியல். எந்தப் பதவிக்கு எந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அப்பதவிக்கு உகந்தவர் யார் யார் என்று ஒவ்வொரு கட்சிக் குழுவும் இரகசியமாக வைத்திருந்த பட்டியல் அது. தொழிற்சாலை முகாமையாளர், பத்திரிகை ஆசிரியர், நீதிபதி, பல்கலைக்கழகத் தலைவர், கூட்டுப் பண்ணைத் தலைவர் என்று பல்லாயிரம் பதவிகள் அதில் அடங்கின. நீதிபதியையும் பண்ணைத் தலைவரையும் மக்கள் "தெரிந்தெடுத்தனர்" என்பது உண்மையே. ஆனால் வாக்குச்சீட்டில் இருந்த பெயர் ஒன்றே ஒன்று!

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் கூடுகின்றனர், கணக்கு வாசிக்கப்படுகிறது, நிருவாகக் குழு தெரிவாகிறது. இக்கூட்டத்துக்கு முதல் நாள் இரவே வெளியார் சிலர் வேறொரு வீட்டிலிருந்து பெயர்ப் பட்டியலை எழுதி அனுப்பிவிடுகின்றனர் என்றும், மறுநாள் உறுப்பினர் கையை உயர்த்துவது மட்டுமே மிச்சம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடந்தது, தேர்தலும் நடந்தது, சங்கம் யாருடையது? பட்டியலை எழுதிய வீட்டாருடையது அல்லவா?

கட்சிக்குள்ளாவது விவாதம் இருந்ததா எனில், தொடக்கத்தில் இருந்தது. ஆனால் 1921ஆம் ஆண்டின் பத்தாவது மாநாட்டில், லெனின் காலத்திலேயே, கட்சிக்குள் தனிக் குழுக்கள் அமைப்பது தடைசெய்யப்பட்டது. "சனநாயக மத்தியத்துவம்" என்னும் கோட்பாட்டின்படி, முடிவுக்குமுன் விவாதிக்கலாம். முடிவுக்குப்பின் எல்லோரும் பணிய வேண்டும். ஆயின், ஒத்த கருத்துடையோர் முன்கூட்டி ஒன்றுசேர முடியாத இடத்தில் விவாதம் எவ்வாறு உயிர்பெறும்? 1922ஆம் ஆண்டில் ஸ்டாலின் பொதுச் செயலாளரானபோது அதனைக் கோப்புகளைக் கட்டிக் காக்கும் பதவியென்றே பலர் கருதினர். அக்கோப்புகளே நியமனப் பட்டியல்கள் என்பதை அவர்கள் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

பட்டம் ஒருவருக்கு, பலம் இன்னொருவருக்கு

1941ஆம் ஆண்டு மே மாதம்வரை ஸ்டாலின் அரசாங்கத் தலைவராக இருந்ததில்லை. நாட்டின் தலைவர் என்ற பட்டம் கலினின் என்பவருக்கு உரியதாயிருந்தது. அந்தக் கலினினுடைய மனைவி 1938ஆம் ஆண்டில் கைதுசெய்யப்பட்டுத் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். நாட்டின் தலைவரால் தம் மனைவியை மீட்க முடியவில்லை; 1945ஆம் ஆண்டிலேயே அவ்வம்மையார் விடுதலை பெற்றார். பதவி வேறு, அதிகாரம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சீனத்திலும் அவ்வாறே. லியூ ஷாவோசி 1959ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரானார். சட்டப்படி அவரை நீக்கும் உரிமை தேசிய மக்கள் பேராயத்துக்கே இருந்தது. அப்பேராயமோ 1965ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குப் பின் 1975ஆம் ஆண்டுவரை கூடவேயில்லை. 1968ஆம் ஆண்டில் கட்சியின் மத்திய குழுவே கூடி அவரை எல்லாப் பதவிகளிலிருந்தும் விலக்கியது. அடுத்த ஆண்டு அவர் காவலில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று அதே கட்சி 1980ஆம் ஆண்டில் அறிவித்தது.

சோவியத் ஒன்றியம் 1991ஆம் ஆண்டில் மறைந்தது. சீனம், வியட்நாம், லாவோஸ், கியூபா, வடகொரியா ஆகியவற்றில் ஒரு கட்சி ஆட்சி இன்றும் நிலவுகின்றது. ஏறக்குறைய 140 கோடி மக்கள் வாழும் சீனத்தில் கட்சி உறுப்பினர் 10 கோடிக்கு மேற்பட்டோர். 2022ஆம் ஆண்டு மாநாட்டில் தெரிவான மத்திய குழுவில் 205 முழு உறுப்பினர். அரசியற் குழுவில் 24 பேர். அதன் நிலைக்குழுவில் 7 பேர். மேலே செல்லச் செல்ல ஏணி எவ்வளவு ஒடுங்குகின்றது பாருங்கள்! 2018ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் இரு தவணைகளுக்குமேல் பதவி வகிக்கலாகாது என்ற விதி நீக்கப்பட்டபோது, ஆதரவாக 2,958 வாக்குகளும் எதிராக 2 வாக்குகளுமே விழுந்தன.

உழவன் கொடுத்த விலை

கமக்காரப் பெருமக்களே, இதெல்லாம் தலைநகரத்துப் பெரியோரின் சண்டைதானே, எமக்கென்ன என்று கேட்பீர்கள். உங்களுக்கே முதலில் விலை விழுகின்றது.

1932ஆம் ஆண்டு இறுதியில் சோவியத் அரசு உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது. நகரத்தவருக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது; கூட்டுப் பண்ணை உழவருட் பெரும்பாலோருக்கு இல்லை. பண்ணையை விட்டு நகரம் சென்று வாழ்வதற்கு அவர்களுக்கு மேலிடத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அவர்களுக்கும் அச்சீட்டு வழங்கும் ஆணை 1974ஆம் ஆண்டிலேயே பிறந்தது. உழவர் பெயரால் நடந்த ஆட்சியில் உழவன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தான்!

சீனத்தில் நேர்ந்தது இதனினும் கொடிது. 1958ஆம் ஆண்டில் "பெரும் பாய்ச்சல்" தொடங்கியது. நிலம் கம்யூன்களாக்கப்பட்டது. விளைச்சலைக் கூட்டிக் காட்டிய அதிகாரி பாராட்டப்பட்டார். உள்ளதைச் சொன்னவர் பின்தங்கியவர் எனப் பழிக்கப்பட்டார். ஆகவே பொய்க் கணக்குகள் படிப்படியாக மேலேறின. அப்பொய்க் கணக்கின்படி தானியக் கொள்முதல் உத்தரவு கீழிறங்கியது. விதைநெல்லும் உலைநெல்லும் அள்ளிச் செல்லப்பட்டன. 1959ஆம் ஆண்டில் லூஷான் மலையில் தலைவர்கள் கூடியபோது, பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் உள்ள நிலையை ஒரு கடிதத்தில் எழுதி மாவோவிடம் கொடுத்தார். அதற்குப் பரிசாக அவர் பதவி பறிக்கப்பட்டது. அதன்பின் உண்மை சொல்ல எவர் துணிவார்? பஞ்சம் 1961ஆம் ஆண்டுவரை நீண்டது. இறந்தோர் ஒன்றரைக் கோடிக்கு மேலென்று குறைந்த மதிப்பீடுகளும், மூன்று கோடி அளவினரென்று வேறு பல மதிப்பீடுகளும் கூறுகின்றன.

அக்காலத்தில் எமது நாட்டுக்கும் சீனத்துக்கும் இடையே றப்பர் - அரிசி ஒப்பந்தம் இருந்தது. 1952ஆம் ஆண்டில் கைச்சாத்தான அதன்படி, ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு ஈடாக 2,70,000 தொன் அரிசி வரவேண்டுமென முதலில் வகுக்கப்பட்டது. பின்னர் புதுப்பிக்கப்பட்ட அவ்வொப்பந்தம் பஞ்ச ஆண்டுகளிலும் நடைமுறையில் இருந்தது. சீன அரிசியை உலையிலிட்ட எங்கள் வீடுகளுக்கு அந்நாட்டு உழவரின் உலை காய்ந்த செய்தி எட்டவில்லை. எட்டாதவாறு செய்வதே அவ்வாட்சியின் வலிமையாக இருந்தது.

தேர்தலும் தடையற்ற பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியிருக்கின்றார். அதன் காரணம் எளிது. மனிதன் தன்னைப் பதவியிலிருந்து நீக்கக்கூடியவனுக்கே அஞ்சுவான். கீழிருப்பவன் நீக்க முடியுமானால் அவனுக்கு அஞ்சி உண்மையைக் கேட்பான். மேலிருப்பவன் மட்டுமே நீக்க முடியுமானால் அவனுக்கு அஞ்சிப் பொய்யை அனுப்புவான்.

கேரளமும் வங்கமும்

அதே கோட்பாடுடைய கட்சி வேறு சூழ்நிலையில் எவ்வாறு நடந்தது? கேரளத்தில் 1957ஆம் ஆண்டில் தேர்தலில் வென்று ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு முதலமைச்சரானார். 1959ஆம் ஆண்டில் அவ்வமைச்சரவையை நீக்கியது மக்களல்லர், டில்லி அரசு. சனநாயகம் பேசுவோரும் தவறிழைப்பர் என்பதற்கு அது சான்று. ஆயினும் 1967ஆம் ஆண்டில் மக்கள் அவரை மீண்டும் முதலமைச்சராக்கினர். மேற்கு வங்காளத்தில் மார்க்சியக் கட்சியின் தலைமையில் இடதுசாரி முன்னணி 1977ஆம் ஆண்டு முதல் 34 ஆண்டுகள் ஆண்டது; 2011ஆம் ஆண்டில் தோற்றது; பதவியை ஒப்படைத்து வெளியேறியது. சிவப்புக் கொடியும் மாறவில்லை, மத்தியத்துவக் கோட்பாடும் மாறவில்லை. வாக்குச்சீட்டில் இரண்டாவது பெயர் ஒன்று இருந்தது; வேறுபாடு அதுவே!

எங்கள் முற்றம்

இந்நோய் பொதுவுடைமைக் கட்சிக்கே உரியதென எண்ணிவிடாதீர்கள். 1982ஆம் ஆண்டில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா தம் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் திகதியிடாத பதவி விலகற் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 22இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தார். யாழ்ப்பாண மாவட்ட வாக்காளர் மிகப் பெரும்பான்மையாக அதனை எதிர்த்தனர். ஆயினும் அது நிறைவேறியது. திகதியிடாத கடிதம் தலைவரின் மேசைக்குள் இருக்கும்போது, உறுப்பினர் யாருக்குப் பொறுப்பாளி? வாக்களித்தவனுக்கா, மேசைக்குரியவருக்கா?

எங்களுக்குள்ளும் "ஏகப் பிரதிநிதிகள்" என்னும் சொல் ஓங்கி ஒலித்த காலம் இருந்தது. 1986ஆம் ஆண்டில் ஏனைய இயக்கங்கள் ஆயுத பலத்தால் அகற்றப்பட்டன. பேரினவாத அரசின் கொடுமை அக்காலத்துக்குக் காரணமாயிருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை, எங்களவர் வாயை எங்களவரே அடைத்ததை நியாயமாக்காது. இதே திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர் ரஜனி திராணகம. எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் அஞ்சாது எழுதியவர். 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெங் தெகுவாய்க்குப் பதவி போயிற்று. எங்கள் ஆசிரியைக்கு உயிரே போயிற்று.

ஆகவே, எந்தக் கொடியுடன் எந்தக் கட்சி உங்கள் படலைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வேட்பாளரின் பெயரை எழுதுபவர் யார்? அவரை நீக்கக்கூடியவர் யார்? கெட்ட செய்தியை மேலே கொண்டுசெல்பவனுக்கு அங்கே என்ன நேர்கின்றது? இம்மூன்றுக்கும் நேரான விடை தராத கட்சி, எவ்வளவு உயர்ந்த இலட்சியத்தைப் பேசினாலும், அதிகாரத்தின் திறவுகோலைத் தன் மடியிலேயே முடிந்து வைத்திருக்கும்.

படித்தவர்களே, கணக்கையும் சட்டத்தையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். வாசித்ததை உரத்துச் சொல்லுங்கள். கமக்காரர்களே, உங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். நீட்டிய பட்டியலுக்குக் கை உயர்த்துமுன், அதில் இன்னொரு பெயர் உண்டா என்று எழுந்து கேளுங்கள். உங்கள் ஊரில் அக்கேள்வியைக் கேட்கக் கூசாதவர்களே நாட்டிலும் அதனைக் கேட்கத் துணிவர்.