விசாரிக்காமல் விரட்டாதே!

(பசுவந்தனையில் ஆற்றிய உரை)

 

உளுந்து மூட்டையைத் தராசில் ஏற்றாமல் நீங்கள் விலை முடிப்பதில்லை. ஆனால் உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனின் முறையீட்டை மட்டும் நிறுத்துப் பார்க்காமலே நாடு கடத்தச் சொல்கிறார்கள். வழக்கு முடியும்வரை அனுப்பாதே என்று நீதிமன்றம் தடை விதித்தால், அந்நியனுக்கு ஏன் இந்தச் சலுகை என்கிறார்கள். சலுகையா இது? தடையாணை குடியுரிமை அல்ல, மன்னிப்பும் அல்ல. கேட்டு முடிக்கும்வரை ஆளை அனுப்பாதே என்பது மட்டுமே. கொலைக்களத்துக்கு அனுப்பிய பிறகு வரும் தீர்ப்பால் யாருக்கு என்ன பயன்?

குறைஷிகளின் கொடுமை தாங்காமல் நபித்தோழர்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அவர்களைப் பிடித்துத் தரும்படி, அன்று இஸ்லாத்தை ஏற்றிராத அம்ர் பின் ஆஸ் பரிசுப் பொருட்களோடு போனார். ஒப்படைத்து விடலாம் என்றனர் அரசவைப் பிரதானிகள். கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியோ, அவர்கள் தரப்பைக் கேட்காமல் ஒப்படைக்க மறுத்தார். ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். பரிசுகள் வந்த வழியே திரும்பின. இணைவைப்பவர் அடைக்கலம் கேட்டாலும் கொடுத்து, பாதுகாப்பான இடத்தில் சேர்க்கும்படி திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் பணிக்கிறது.

நம் நாட்டின் நிலை என்ன? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆயினும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு குடிமகன் அல்லாதவரின் உயிரையும் காக்கும் என்று சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. அதற்கு முன்பே 1992இல், அந்தமானில் இருந்த பர்மியரின் கோரிக்கை ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் நிலுவையில் இருந்ததால் அவர்களை நாடு கடத்தத் தடை விதித்தது. ஆனால் 2021 ஏப்ரல் 8இல், ஜம்முவில் பிடித்து வைக்கப்பட்ட ரோஹிங்யாக்களுக்கு அத்தகைய தடை கிடைக்கவில்லை. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்பதோடு உத்தரவு நின்றது. சட்டம் இல்லாத இடத்தில் அகதியின் உயிர் வழக்குக்கு வழக்கு ஊசலாடுகிறது!

ஒரு தடையாணையின் மதிப்பு என்ன? 2019இல் ஆஸ்திரேலியாவில் ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை ஏற்றிய விமானம் பறந்து கொண்டிருக்கும்போதே நீதிபதியின் ஆணை வந்தது. டார்வினில் இறக்கினார்கள். 2022இல் அக்குடும்பத்துக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. அந்த ஆணை மறுநாள் வந்திருந்தால்?

சகோதரர்களே! ரோஹிங்யாக்களுக்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி முகாமில் இருக்கும் இலங்கை அகதிகளுக்காகவும் அதே குரல் எழ வேண்டும். வந்தவர் தம் மதத்தவரா என்று பார்த்தா நஜ்ஜாஷி காத்தார்? அகதிகளுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று, மதம் பார்க்காமல் கேளுங்கள். வெளியேற்ற உத்தரவோடு யாராவது உங்கள் கடைவாசலுக்கு வந்தால், அன்றே நகல் எடுத்து, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்க அழைத்துச் செல்லுங்கள். வணிகர்களே, வழக்குச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். விமானம் கிளம்பிய பிறகு கூடும் கண்டனக் கூட்டத்தை விட, கிளம்பும் முன் போடும் ஒரு மனு மேலானது.

நீதியின் தராசைச் சரியாகப் பிடிக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.