இடையில் கட்டிய உண்மை



உரோமைப் படைவீரர் என்றதும் நம் கண்முன் வருவது, தவக்காலத்தில் பங்குகளில் நடிக்கப்படும் ஆண்டவருடைய பாடுகளின் நாடகம்தான். தலைக்கவசத்தையும் ஈட்டியையும் பார்க்கிறோம். இடுப்பில் கட்டியிருக்கும் வாரை நாம் கவனிப்பதில்லை. ஆனால் எபேசியர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், கிறிஸ்தவர் அணிய வேண்டிய படைக்கலங்களைச் சொல்ல வரும் புனித பவுல், வாளைக் கடைசியில் வைக்கிறார். இடைக்கச்சையை முதலில் வைக்கிறார். அந்த இடைக்கச்சைக்கு அவர் தரும் பெயர் உண்மை. அது ஏன் என்று இன்று சிந்திப்போம்.

உரோமை வீரர்களைப் போலவே உடுத்தி, அணிவகுத்துக் காட்டும் குழுக்கள் ஐரோப்பாவில் பல உண்டு. இங்கிலாந்தில் 1972இல் தொடங்கிய எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு அவற்றுள் ஒன்று. 1985இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் மார்க்குஸ் யுங்கெல்மான் தம் தோழர்களுடன் உரோமைக் கவசம் அணிந்து, இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தே சென்றார். மண்ணில் கிடைத்த பொருள்களையும் கல்லறைச் சிற்பங்களையும் பார்த்து இவர்கள் வாரைச் செய்கிறார்கள். ஜெர்மனியின் பாட் குரொய்ஸ்நாக்கில் உள்ள அன்னாயுஸ் டவெர்சுஸ் என்ற வீரனின் கல்லறைக் கல்லில், இரண்டு வார்கள் இடுப்பில் குறுக்காகக் கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. ஒன்று வாளைத் தாங்க, மற்றொன்று குறுவாளைத் தாங்க.

இந்த வாரைக் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அளவெடுப்பது வெறும் இடுப்பில் அல்ல. உள்ளங்கி, அதன்மேல் இரும்பு வளையங்களைக் கோத்த கவசச் சட்டை, எல்லாம் போட்ட பிறகுதான். அந்தச் சட்டையின் எடை சுமார் 10 கிலோ. அப்படியே போட்டால் முழுப் பாரமும் தோளில் இறங்கும். சிறிது தூரம் நடப்பதற்குள் தோள் கடுக்கும். அதனால் சட்டையைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாரை இறுக்கிக் கட்டுகிறார்கள். தூக்கிய பகுதி வாரின்மேல் மடிந்து உட்காருகிறது. பாரத்தில் ஒரு பங்கு தோளை விட்டு இடுப்புக்கு இறங்குகிறது. எடை குறையவில்லை, ஆனால் சுமப்பவரால் நடக்க முடிகிறது.

வார் தளர்ந்திருந்தால் என்ன ஆகும்? சாதாரண வீரன் வாளை வலப்பக்கமே தொங்கவிட்டு, வலக்கையாலேயே உருவுவான். தளர்ந்த வாரில் வாளை உருவினால் உறையும் கூடவே மேலே வரும். ஓடினால் உறை காலில் அடிக்கும். தோலோ நாளடைவில் நீண்டு கொடுக்கும் பொருள். ஒருநாள் சரியாக இருந்த வாரை இன்னொரு நாள் மீண்டும் இறுக்க வேண்டியிருக்கிறது.

அன்பர்களே, உண்மையும் அப்படித்தான் நம்மிடம் இருக்கிறது. ஒருவர் தம் கடனை மனைவியிடம் மறைக்கிறார். ஒரு பிள்ளை தேர்வில் தவறியதை வீட்டில் சொல்லாமல் தினமும் கல்லூரிக்குப் புறப்படுகிறது. கடனும் தோல்வியும் பாரம்தான். மறைக்கும்போது அந்தப் பாரம் முழுவதும் தோளில் தொங்குகிறது. சொல்லிவிட்டால் கடன் தீர்ந்துவிடாது, மதிப்பெண்ணும் கூடிவிடாது. ஆனால் சுமக்க வழி பிறக்கிறது. ஒருமுறை உண்மை சொல்லிவிட்டோம் என்று நாம் இருந்துவிடவும் முடியாது. தோல்வார் தளர்வதுபோல நம் சொல்லும் தளர்கிறது. நாள்தோறும் மாலையில் மனச்சான்றைச் சோதிக்கத் திருச்சபை நமக்குக் கற்றுத்தருவது, வாரை மீண்டும் இறுக்கிக் கட்டத்தான்.

இன்னொன்றும் உண்டு. கவசத்தைக் கழற்றி வைத்திருந்தாலும், உள்ளங்கியின்மேல் கட்டிய வாரைக் கண்டே இவன் படைவீரன் என்று மக்கள் அறிந்தார்கள். தவறு செய்த அதிகாரிகளை அகுஸ்து பேரரசர் வாரில்லாமல் உள்ளங்கியோடு பாசறையின் தலைமைக் கூடாரத்தின் முன் நாள் முழுவதும் நிற்கவைத்ததாக வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். வார் இல்லாதவனுக்கு மதிப்பு இல்லை. அப்படிப்பட்ட வாரைத் தாமாகவே கழற்றி எறிந்தவர் ஒருவர் நம் புனிதர்களின் வரிசையில் இருக்கிறார்.

அவர் நூற்றுவர் தலைவரான புனித மர்செல்லுஸ். பேரரசரின் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்தது. படைக்கொடிகளின் முன்னால் தம் வாரைக் கழற்றி எறிந்து, தாம் கிறிஸ்துவுக்கே ஊழியம் செய்பவர் என்று உரக்கச் சொன்னார். வழக்கு, இன்றைய மொராக்கோவிலுள்ள தாஞ்சியர் நகரில், 298ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று அக்ரிகொலானுஸ் என்ற அதிகாரியின் முன் வந்தது. அறிக்கையில் எழுதியிருப்பதை நீ சொன்னாயா என்று கேட்டார் அதிகாரி. ஆம், சொன்னேன் என்றார் மர்செல்லுஸ். வாரை எறிந்தாயா என்று கேட்டார். எறிந்தேன் என்றார். கோபத்தில் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாளால் கொல்லப்பட்டார். தோல்வாரை அவிழ்த்த அந்த மனிதர், உண்மை என்னும் வாரை அவிழ்க்கவே இல்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 30 அன்று அவரை நினைவுகூருகிறோம்.

இங்கே நாம் கவனமாய் இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. இடுப்பில் இருக்கும்வரை வார் நம்மைத் தாங்கும். அதையே கழற்றிக் கையில் சுழற்றினால் சாட்டையாகிவிடும். 'நான் உண்மையைத்தானே சொன்னேன்' என்று சொல்லிக்கொண்டே மருமகளின் மனத்தைப் புண்படுத்துவோர், அடுத்த வீட்டாரின் குறையை ஊரெல்லாம் பரப்புவோர் நம்மிடையே இல்லையா? பவுல் உண்மையை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். பிறர்மேல் வீசச் சொல்லவில்லை. மர்செல்லுஸ் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. தம்மைப்பற்றிய உண்மையைத்தான் சொன்னார், அதற்கான விலையையும் தாமே கொடுத்தார்.

ஆகவே இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். வெகுநாளாக யாரிடமோ சொல்லாமல் தோளில் சுமந்துகொண்டிருக்கும் ஒரு சொல் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கும். அது எது, யாரிடம் சொல்லப்பட வேண்டியது என்று இறைவன் முன்னிலையில் கேட்டறிவோம். பிறகு, தாழ்ந்த குரலில், அன்போடு அதைச் சொல்வோம்.

உண்மையே உருவான ஆண்டவரே, எங்கள் இடையை உம் கையால் இறுக்கிக் கட்டும். எங்கள் பாரங்களோடு நேராக நிற்கவும், உம்மைப் பின்தொடர்ந்து நடக்கவும் எங்களுக்குத் துணை செய்யும். ஆமென்.