நாகர் இருவர் வழக்கும் நயினாதீவுப் படகும்



மணிமேகலையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அக்காப்பியத்தின் நயங்களை நூலறிந்தோர் பலர் இம்மேடையில் விரித்துரைத்துவிட்டனர். ஆகவே நான் நூலிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கடற்பகுதியில், ஒரு நாள் முழுதும் படகேறித் தீவு தீவாகச் சென்றபோது கண்டவற்றையும் எண்ணியவற்றையும் சொல்ல விழைகின்றேன். கரிசல் காட்டில் பிறந்த நமக்குக் கடல் அயலானதுதான். ஆனால் நான் சொல்லப்போகும் கதை நமக்கு அயலானது அன்று.

யாழ்ப்பாணத்தின் மேற்கே கடலில் காரைநகர், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எனத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. முதல் மூன்றுக்கும் கடலின்மேல் இட்ட சாலைகள் உண்டு. காலையில் பேருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்ததுமே இருபுறமும் முழங்காலளவு நீர். அதில் மீனவர் நின்றுகொண்டே வலை பார்க்கின்றனர். பாலத்தைக் கடந்தால் வேலணைத் தீவு. அதன் கரம்பொன் என்ற ஊரில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்ட அப்பெருமகனார், இளம் பாதிரியாராக நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். அத்தீவுக்கு நாம் கொடுத்ததும் உண்டு, அதனிடமிருந்து பன்மடங்காகப் பெற்றதும் உண்டு.

அடுத்தது புங்குடுதீவு. எழுத்தாளர் மு. தளையசிங்கத்தின் ஊர். அவர் எழுத்தோடு நின்றவர் அல்லர். உப்பு நீர் சூழ்ந்த அவ்வூரில் நன்னீர்க் கிணறு என்பது பொன்னினும் அரிது. அக்கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் நீர் மொள்ளும் உரிமை வேண்டும் என்று 1971 இல் அறப்போர் நடத்தினார். இரண்டே ஆண்டுகளில், 1973 இல், மறைந்தார். கோடையில் குடத்தோடு காத்துநின்ற நம்மூர்ப் பெண்களை அறிந்தவர்க்கு அப்போரின் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்துதான் படகு. மரப்படகின் வயிற்றுக்குள் குனிந்து இறங்கி, பலகையில் நெருங்கி அமரவேண்டும். எனக்கு ஒருபுறம் பூத்தட்டு ஏந்திய தமிழ்ப் பெண்கள், மறுபுறம் வெள்ளையுடை உடுத்துத் தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று. இருசாராரும் தாமரையும் அல்லியும் வைத்திருந்தனர். பூக்களைக் கொண்டு எவர் எக்கோயிலுக்குச் செல்கின்றார் என்று பிரித்தறிய இயலவில்லை. கால் மணி நேரத்தில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயில் கோபுரமும், நாகவிகாரையின் வெண்மையும் ஒரே கரையில் சிறிது தொலைவில் தெரிகின்றன.

இனி அக்கதைக்கு வருகின்றேன். நாகநாட்டு மன்னர் இருவர் ஓர் அரிய பீடிகைக்காகப் போரிட்டனர் என்கிறார் சாத்தனார். தனது என்றான் ஒருவன், தனது என்றான் மற்றவன். இருவராலும் அதை எடுக்கவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. அப்போது புத்தபிரான் தோன்றி, அது தம்முடையது என்று கூறி, அதன்மீது அமர்ந்து அறமுரைத்தார். இதே கதையைப் பாலி மொழியிலுள்ள மகாவம்சமும் கூறுகின்றது. அங்கே நாகர் இருவரும் மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருகனும். காப்பியம் சொல்லும் மணிபல்லவம் நயினாதீவா, யாழ்ப்பாணக் குடாநாடா என்று அறிஞர்கள் வழக்காடுகின்றனர். பீடிகைக்கான போர் போலவே இதுவும் எளிதில் தீருவதாகத் தோன்றவில்லை.

அன்பர்களே, நாகர் இருவர் வழக்கு என்றதும் உங்கள் நினைவு எங்கே சென்றிருக்கும் என்பதை அறிவேன். சங்கனும் பதுமனும் சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வாதிட்டதும், கோமதியம்மை ஒற்றைக் காலில் தவமிருந்ததும், இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் காட்சி தந்ததும் அல்லவா ஆண்டுதோறும் ஆடித் தபசில் நம் தெருவில் நிகழ்வது! அவ்விருவரும் தோண்டியதாகச் சொல்லும் நாகசுனையின் படியில் அமர்ந்து படித்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கின்றீர்கள்.

இரண்டு கதைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று நான் சாதிக்க வரவில்லை. அது ஆய்வாளர் பணி. என்னை ஈர்த்தது, தீர்ப்பில் உள்ள வேறுபாடு. நம்மூரில் வழக்குக்குரிய பொருளே இருவர்க்கும் உரியதாக இரு பாதியாயிற்று. மணிபல்லவத்திலோ அப்பொருள் இருவரிடமிருந்தும் நீங்கிப் பொதுவாயிற்று. நயினாதீவு மக்கள் மூன்றாவதாக ஒன்று சொல்கின்றனர். அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் கடலிலிருந்த ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது, கருடன் வேறொரு பாறையில் காத்திருந்தது. அவ்வழியே வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன், அம்மனுக்குக் கோயில் எடுப்பதாக வாக்களித்து நாகத்தை மீட்டான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரு பாறைகளை இன்றும் காட்டுகின்றனர். இங்கே வழக்கைத் தீர்த்தது தெய்வம் அன்று, தன் கைப்பொருளை இழக்க முன்வந்த ஒரு மனிதன். மூன்று தீர்ப்புகளில் எனக்கு உவப்பானது இதுவே.

அக்கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, தமிழில் பொறிக்கப்பட்டது. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கலாம், அவர்கள் காக்கப்படுவர் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி. உடைந்த கலத்தில் அரசன் பங்கு கேட்பது நமக்குக் கொடுமையாகப் படலாம். ஆனால் கரையொதுங்கியவன் உடைமைக்கு உரிமை உண்டு என்று கல்லில் எழுதிவைத்த அரசு அது. அதையும் அயலார்க்குப் புரியும் மொழியில் எழுதிவைத்தது.

நண்பகலில் கோயிலின் அன்னதானத்தில் உண்டேன். அம்மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர்! ஆபுத்திரன் கோமுகிப் பொய்கையில் விட்ட பாத்திரத்தின் பெயர். காப்பியம் சோறாகி இலையில் விழுவதை அங்கேதான் கண்டேன்.

பின்பு நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். திறந்த கடல், அலை பெரிது. தீவு முழுதும் பவளக்கல் அடுக்கிய வேலிகள், பனை, ஒரு முதிய பெருக்கமரம், இடிந்த கோட்டை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெட்டவெளியில் மேய்கின்றன. அவற்றைப் பற்றி மட்டுமே தனியாக ஓர் உரை ஆற்றலாம்.

ஆனால் இறங்குமிடமாகிய மாவிலித் துறையில் ஒரு நினைவுத் தூண் நிற்கின்றது. 1985 மே 15 அன்று அத்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றவர் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சியம் கூறினர். நீதி கேட்டு ஆண்டுதோறும் மக்கள் அங்கே கூடுகின்றனர். புத்தபிரான் நாகரைச் சமாதானம் செய்த கடல் என்று இரு மொழி நூல்களும் கூறுகின்ற அதே கடல்தான் அது. குமுதினியைக் கழுவிப் பழுதுபார்த்து மீண்டும் அதே வழியில் ஓட்டினார்கள். வேறு என்ன செய்வது? தீவில் இருப்பவனுக்குப் படகுதான் தெரு.

மாலைப் படகில் என்னருகே நெடுந்தீவு மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். "தம்பி எவடம்?" என்றார். ஊரைச் சொன்னேன். புற்றுமண்ணே எங்கள் கோயிலின் பிரசாதம் என்றும் சொன்னேன். பையில் சிறு பொட்டலம் இருந்தது, எடுத்து நீட்டினேன். நெற்றியில் ஒரு துளி இட்டுக்கொண்டு, மிச்சத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பிறகு, "அங்கையும் ரெண்டு பாம்போ?" என்று கேட்டார். ஆம் என்றேன். "சண்டை தீர்ந்ததோ?" என்றார்.

எங்கள் ஊரில் தீர்ந்தது என்று கதை சொல்கிறது, அம்மா என்றேன். அதற்குள் குறிகட்டுவான் வந்துவிட்டது.